எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை: எதில் தொடங்கலாம்?

பனங்காட்டான் | கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்கள் ஊர் அரசு எல்.பி. ஸ்கூலுக்கு (நாலாங்கிளாஸ் வரை உள்ள தொடக்கப்பள்ளி) புதிதாக இரண்டு வகுப்பறை கட்டப் பணம் ஒதுக்கப்போகிறார்கள். தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் ஒரே காம்பவுண்டுக்குள் நடக்கிற பள்ளி. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கமிட்டியில் நானும் இருக்கிறேன். எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்று ஹெட்மாஷ் கேட்டிருக்கிறார். பெற்றோரைக் கேட்டுக் கட்டுவது அபூர்வம். அதனால் நன்றாக யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

கமிட்டியில் இதுவரை வந்த யோசனைகள்: தரைக்கு வெள்ளை டைல்ஸ், வெளிச்சுவரில் ரயில் பெட்டி பெயின்ட், பெரிய டி.வி., பெஞ்சுகளை 'ப' வடிவத்தில் போடுவது. எதுவும் தப்பில்லை. ஆனால் பள்ளிக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். இத்தாலியக் கல்வியாளர் மான்டிசோரி அம்மையார் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொடைக்கானலிலேயே தங்கியிருந்தார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து கட்டிக் காட்டினார். அவர்கள் டைல்ஸில் இருந்து தொடங்கவில்லை. எதில் தொடங்கினார்கள், அதில் நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் எது பொருந்தும்? டீச்சர்கள், கட்டட வேலை தெரிந்தவர்கள், மலைமேல் இருப்பவர்கள், ஆந்திரா பக்கத்துத் தமிழர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர் | வேலந்தாவளம்

நல்ல கேள்வி அண்ணா. 'ப' வடிவத்தை முதலில் பேசிவிடலாம், எங்கே போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள். 2025இல் ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேரளத்தில் சில பள்ளிகள் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டன. அதே ஜூலையில் தமிழ்நாட்டிலும் அந்தப் பேச்சு பெரிதாக எழுந்தது. கடைசி பெஞ்சே இருக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு பக்கமும் உட்காருகிற பிள்ளைகள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே கரும்பலகையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பக்கத்து ஜன்னல் வெளிச்சம் பலகையில் அடித்தால் எழுத்தே தெரியாது. இருபது பிள்ளைகள் இருந்தால் சமாளிக்கலாம், நாற்பது இருந்தால் 'ப'வுக்குள் இன்னொரு 'ப' போட வேண்டிவரும்.

மான்டிசோரி 1907இல் ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியபோது, தரையோடு பிணைத்த பெஞ்சுகளை வேண்டாம் என்று ஒதுக்கினார். நான்கு வயதுப் பிள்ளை தானே தூக்கி நகர்த்துகிற எடையில் நாற்காலி செய்யச் சொன்னார். அலமாரி, கொக்கி, கை கழுவும் இடம் எல்லாம் பிள்ளையின் உயரத்தில். வட்டமா சதுரமா என்பதைவிட, அதைத் தானே மாற்றிக்கொள்ள பிள்ளைக்கு முடிகிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். நம் பெஞ்சும் டெஸ்க்கும் ஒன்றாக வெல்டிங் செய்த இரும்பு. அதை நகர்த்த இரண்டு பெரியவர்கள் வேண்டும். கதை சொல்லும்போது வட்டம், கணக்குக்கு நாலு நாலு பேர், பரீட்சைக்கு வரிசை என்று ஒரே நாளில் மூன்று விதமாக மாறவேண்டிய அறை அது. எனவே எஸ்டிமேட்டில் எழுதவேண்டியது 'லேசான, தனித்தனி மேசை' என்பதுதான். அதை எந்த வடிவத்தில் போடுவது என்பதை டீச்சருக்கு விட்டுவிடுங்கள்.

ஓவர்சியர் மகள் | சித்தூர், பாலக்காடு

டீச்சர் சொன்னது சரி. நான் சிவில் படித்தவள், எனக்கு மேசைக்கு முன்னால் கூரை. நம் பக்கத்தில் மார்ச் மாதம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கான்கிரீட் தளத்துக்கு அடியில் உட்கார்ந்து பாருங்கள். காலையில் இருந்து வெயில் குடித்த தளம் அப்போதுதான் சூட்டை உள்ளே விடத் தொடங்கியிருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைக் கீழே தள்ளும். பிள்ளைகள் டெஸ்க்கில் தலை வைத்துக்கொள்வார்கள், நாம் சோம்பல் என்று திட்டுவோம்.

இந்த ஒரு பிரச்சினையைப் பிடித்துக்கொண்டு உலகப் புகழ் பெற்றவர் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே. மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்ற ஊரில் 1965இல் பிறந்தவர். அந்த ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது, வேறு ஊருக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். இருட்டான, புழுக்கமான வகுப்பறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்தவர். தச்சு வேலை படிக்க ஜெர்மனி போனார், பிறகு பெர்லினில் கட்டடக்கலை படித்தார். மாணவராக இருக்கும்போதே சொந்த ஊருக்குப் பள்ளி கட்டப் பணம் திரட்டினார். 2001இல் காண்டோ தொடக்கப்பள்ளி முடிந்தது. 2004இல் அதற்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது, 2022இல் அவருக்கே கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு. ஆப்பிரிக்காவில் இருந்து அந்தப் பரிசு வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

அவர் செய்தது என்ன? உள்ளூர் மண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய கல்லால் சுவர். அறைக்கு மேலே அதே கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய மச்சு. அந்த மச்சுக்கு மேல், தள்ளி உயரத்தில், சாதாரண தகர ஷீட், கம்பியைப் பற்றவைத்துச் செய்த ட்ரஸ் (கூரைத் தாங்கிச் சட்டம்) மேல் நிற்கிறது. கட்டடத்துக்குக் குடை பிடித்த மாதிரி. வெயில் தகரத்தில் அடிக்கும், தகரத்துக்கும் மச்சுக்கும் நடுவே காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அறையின் புழுக்கமும் மச்சு இடைவெளி வழியாக மேலே ஏறிவிடும். கரன்ட் தேவையில்லை. ஷீட் சுவரைத் தாண்டி நீண்டு இருப்பதால் சுவரில் மழையும் படாது, வெயிலும் படாது. ட்ரஸ்ஸுக்குப் பெரிய இரும்பு வாங்கவில்லை, கான்கிரீட்டுக்குப் போடுகிற கம்பிதான். ஊர்க்காரர்களுக்கே அறுக்கவும் பற்றவைக்கவும் கற்றுக் கொடுத்தார்.

நம் கிழக்குச் சித்தூர் மழை மறைவுப் பகுதி, வெயில் ஊர். கொச்சிக்குப் போடுகிற பிளானையே இங்கேயும் போடுவது சரியில்லை என்று நான் எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எஸ்டேட் பையன் | மூணாறு

அக்கா, தகரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்தது எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில், ஷீட் போட்ட கூரை. ஜூன் மாதம் மழை பிடித்தால் டீச்சர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். பாடத்தை நிறுத்திவிட்டு எழுத்து வேலை கொடுத்துவிடுவார். மூணாறில் அது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அந்த டெர்மே அப்படித்தான். கூரை விஷயத்தில் சூட்டைப் பார்க்கிற அளவுக்குச் சத்தத்தையும் பாருங்கள். அடியில் கெட்டியான மச்சு இல்லாமல் வெறும் ஷீட் மட்டும் போட ஒத்துக்கொள்ளவே கூடாது.

ஓவர்சியர் மகள் | சித்தூர், பாலக்காடு

நூற்றுக்கு நூறு சரி தம்பி. மேலே ஷீட், கீழே கனமான மச்சு, இரண்டும் சேர்ந்ததுதான் கூரை. நம்மூரில் பணம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுவது அந்த மச்சைத்தான்.

பேக்கர் மேஸ்திரி | கொல்லங்கோடு

நான் ரொம்ப வருஷமாகக் கொத்து வேலையில் இருக்கிறேன். என் பெயரைப் பார்த்தாலே எந்தப் பக்கம் பேசுவேன் என்று தெரியும். ஆப்பிரிக்கா வரைக்கும் போக வேண்டாம், நம் கேரளத்திலேயே ஆள் இருந்தார்.

லாரி பேக்கர் 1917இல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்தவர். தொழுநோயாளிகளுக்கான வேலையாக 1945இல் இந்தியா வந்தார், இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல வருஷம் இருந்துவிட்டுக் கேரளம் வந்தார். 1990இல் பத்மஸ்ரீ, 2007இல் திருவனந்தபுரத்தில் காலமானார். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டினாரே, அதை ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கான இடம்தான், ஆனாலும் படிக்கிற இடம் எப்படி இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்திருக்கிறார். பூச்சு இல்லாத செங்கல். சுவரில் கல் விட்டுக் கல் வைத்த ஜாலி.

அந்த ஜாலியைத்தான் நான் பள்ளிக்குச் சிபாரிசு செய்வேன். ஒரு பெரிய ஜன்னல் என்றால் வெளிச்சம் ஒரே பக்கம் குத்தும், பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக் கண் கூசும், கரும்பலகை பளபளக்கும். ஜாலியில் சின்னச் சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் உடைந்து வரும், காற்று எப்போதும் வரும், கொக்கி உடையாது, கண்ணாடி போகாது, மரச்சட்டம் கரையான் பிடிக்காது. ஜன்னலுக்கு ஆகிற செலவில் பாதிகூட ஆகாது.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது இஞ்சு சுவர்தான், ஆனால் செங்கல் கால்வாசி மிச்சம். நடுவில் காற்று நிற்பதால் மேற்குச் சுவர் சூடு உள்ளே வர நேரம் பிடிக்கும். மேலே ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் அடிப்பாதியில் இருக்கிற கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து வார்த்துவிட்டால் கான்கிரீட் குறையும், எடை குறையும், ஓட்டுக்கு நடுவே காற்று நிற்பதால் சூடும் குறையும். கீழே இருந்து பார்த்தால் ஓடு வரிசையாகத் தெரியும், பெயின்ட்டே வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி தையில் கிழக்கில் இருந்து புழுதியோடு அடிக்கும், மழைக்காலத்தில் மேற்கில் இருந்து. வெயிலுக்குப் பயந்து நீளச் சுவர்களை வடக்கையும் தெற்கையும் பார்க்கிற மாதிரி வைத்தால் காற்று குறுக்குச் சுவரில் மோதி நின்றுவிடும். அதனால் கிழக்கு மேற்குக் குறுக்குச் சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் ஜாலி வையுங்கள். புழுதி பிள்ளைகள் முகத்தில் அடிக்காது, மேலே தேங்குகிற சூட்டைக் காற்று தள்ளிக்கொண்டு போகும். கிழக்கு ஜாலிக்கு மட்டும் உள்பக்கம் ஒரு மரக்கதவு போட்டு வைத்தால் தை மாசம் சாத்திக்கொள்ளலாம்.

பனங்காட்டான் | கொழிஞ்சாம்பாறை

மேஸ்திரி அண்ணா, குறுக்குச் சுவர் விஷயம் அருமை. எங்கள் பழைய கட்டடத்தில் குறுக்குச் சுவர் முழுக்க மூடித்தான் இருக்கிறது.

வாளையாறு வாசி | கஞ்சிக்கோடு

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு பெற்றோராகச் சொல்கிறேன், மண், மூங்கில், ஓலை என்று கிளம்பிவிடாதீர்கள். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். சமையலறைக் கூரையில் பிடித்த தீ, ஓலை வேய்ந்த வகுப்பறைக்குப் பரவியது. அதற்கு அப்புறம்தான் தமிழ்நாட்டில் பள்ளிகளில் இருந்து ஓலைக் கூரையை எடுத்தார்கள். 2019இல் சுல்தான் பத்தேரியில் வகுப்பறைச் சுவரோரப் பொந்தில் இருந்த பாம்பு கடித்து ஒரு சிறுமி இறந்தாள். 'இயற்கையோடு இயைந்த பள்ளி' என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். தரைக்கும் சுவருக்கும் நடுவே கீறல் இருக்கக் கூடாது. ஒரு அறைக்கு இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சமையல்கட்டு தள்ளி இருக்க வேண்டும்.

ஓவர்சியர் மகள் | சித்தூர், பாலக்காடு

வாளையாறு அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்க மாட்டேன். இரண்டு கதவு என்பது பிளானில் முதல் வரியாகவே இருக்கட்டும்.

மண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜெர்மனிக்காரர் அன்னா ஹெரிங்கர், வங்கதேசத்தில் ருத்ரபூர் என்ற கிராமத்தில் ஒரு பள்ளி கட்டினார். 2007இல் ஆகா கான் விருது வாங்கியது. கீழ்த்தளம் மண் சுவர், மேல்தளம் மூங்கில். மண் அழகு என்பதற்காக அவர் அதை எடுக்கவில்லை. அந்த ஊரில் மண்ணும் மூங்கிலும் ஆட்களும் இருந்தார்கள், பணம் வெளியே போகாமல் ஊர்க்காரர் கையிலேயே கூலியாக நின்றது. ஈரம் ஏறாமல் இருக்கச் செங்கல் அடித்தளம், அதற்கு மேல்தான் மண். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது, வகுப்பறையின் பின்சுவரில் பிள்ளைகள் தவழ்ந்து போய் உட்காருகிற சின்னக் குகைகள். சத்தம் தாங்காத பிள்ளைக்கும், தனியாகப் படிக்க வேண்டிய பிள்ளைக்கும் ஒரு மூலை. நம் பள்ளியில் மண் வேண்டாம், ஆனால் அந்த மூலை வேண்டும்.

குப்பத்துக்காரன் | குப்பம், சித்தூர் மாவட்டம் (ஆந்திரா)

எங்கள் பக்கத்துச் சேதி சொல்கிறேன். ஆந்திராவில் 2019 நவம்பர் 14 அன்று 'நாடு நேடு' (அன்றும் இன்றும்) என்று அரசுப் பள்ளிகளைச் சீராக்க ஒரு திட்டம் தொடங்கினார்கள். முதல் கட்டத்தில் 15,715 பள்ளிகள். கழிப்பறைக்குத் தண்ணீர், குடிநீர், மேசை நாற்காலி, பச்சைப் பலகை, காம்பவுண்ட் சுவர், பெயின்ட். எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் வந்தது. கழிப்பறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தெரியும். அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் கட்டடம் புதிதான பிறகும் உள்ளே நடக்கிற படிப்பு அப்படியேதான் இருந்தது.

படிப்போடு சேர்த்து அறையை மாற்றியவர்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒருவர் டேவிட் ஹார்ஸ்பர்க். மதனப்பள்ளிப் பக்கத்து ரிஷி வேலிப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு 1972இல் கோலார் மாவட்டத்தில், மதனப்பள்ளி போகிற பக்கம், நீல் பாக் என்ற சின்னப் பள்ளியை ஆரம்பித்தார். பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில், பரீட்சை கிடையாது, தச்சு வேலை, தையல், கொத்து வேலை, தோட்டம், சங்கீதம் எல்லாம் பாடம். 1984இல் அவர் காலமானார். ஆனால் அங்கே பயிற்சி எடுத்தவர்கள் பல ஊர்களில் பள்ளி தொடங்கினார்கள்.

இன்னொன்று ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகள். பத்மநாப ராவும் ரமாவும் சேர்ந்து உருவாக்கியது. ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்புப் பிள்ளைகள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதுதானே நிஜம்? பாடப் புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு படம் அடையாளம். சுவரில் ஏணி வரைபடம் தொங்கும், பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, அடுத்த அட்டையைத் தட்டில் இருந்து தானே எடுத்துக்கொள்ளும். அதற்கு ஏற்ற மாதிரி அறை: கைக்கு எட்டும் தட்டுகள், வட்டமாக உட்காரப் பாய், சுவரைச் சுற்றித் தரைமட்டத்தில் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. அந்த வழி படிப்புக்கு அந்த அறை வேண்டும். வேறு வழி படிப்பென்றால் வேறு அறை. முதலில் டீச்சரிடம் 'நீங்கள் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்' என்று கேளுங்கள் அண்ணா, அப்புறம் பிளான் போடுங்கள்.

கணக்கு டீச்சர் | வேலந்தாவளம்

குப்பத்து அண்ணா சொன்ன அந்த அட்டை வழிதான் தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றலாக வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த விஜயகுமார் ஐ.ஏ.எஸ். 13 பள்ளிகளில் தொடங்கினார், அடுத்த சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் போனது. என் அத்தை மகள் பொள்ளாச்சிப் பக்கம் அந்தக் காலத்தில் டீச்சராக இருந்தாள், அந்த வகுப்பில் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். கீழ்மட்டக் கரும்பலகையில் ஒரு பையன் தன் பெயர் எழுதிய கட்டத்துக்குள் கூட்டல் கணக்கைப் போட்டான், விடை சரியில்லை என்று தெரிந்ததும் உள்ளங்கையால் துடைத்துவிட்டு மறுபடி போட்டான். யாரும் அவனைப் பார்க்கவில்லை, யாரிடமும் அவன் அனுமதி கேட்கவில்லை. நோட்டில் தப்பாகப் போட்டால் சிவப்பு மை நிற்கும். பலகையில் நிற்காது. கணக்குக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் தினமும் பார்க்கிறேன். தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தத் திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை, அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வராது, பதிவேடு எழுதியே டீச்சர்கள் சோர்ந்தார்கள். ஆனால் கீழ்மட்டக் கரும்பலகை மட்டும் எந்தத் திட்டம் வந்தாலும் போனாலும் இருக்க வேண்டிய பொருள். செலவும் சொற்பம்: சுவரில் இடுப்பளவுக்கு வழவழவென்று சிமென்ட் பூசி, பலகை பெயின்ட் அடித்தால் போதும்.

அப்புறம் ரயில் பெட்டி பெயின்ட். கமிட்டியில் யாரும் வருத்தப்பட வேண்டாம், வெளிச்சுவரில் அடித்தால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். உள்ளே மட்டும் அடிக்க விடாதீர்கள். இங்கிலாந்தில் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பாரெட் என்பவரும் அவருடைய குழுவும் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளையும் 3766 பிள்ளைகளையும் வைத்து ஆராய்ந்து 2015இல் அறிக்கை கொடுத்தார்கள். ஓர் ஆண்டில் பிள்ளைகள் முன்னேறியதில் இருந்த வித்தியாசத்தில் 16 சதவீதம் வகுப்பறையின் அமைப்பால் வந்தது. அதில் ஏறக்குறைய பாதி வெளிச்சம், வெப்பம், காற்று சம்பந்தப்பட்டது. மீதியில் ஒரு பங்கு, அறை தன்னுடையது என்ற எண்ணமும் தேவைக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ள முடிவதும். இன்னொரு பங்கு நிறமும் சுவர் அலங்காரமும். இந்தக் கடைசி விஷயத்தில் அதிகமும் கெடுதல், வெறுமையும் கெடுதல். சுவரில் ஐந்தில் ஒரு பங்கில் இருந்து பாதி வரை காலியாக விடுங்கள் என்கிறார்கள். நம் பிரைமரி வகுப்புகளில் தரையில் இருந்து மச்சு வரை பழம், காய், யானை, தலைவர்கள், ஒளவையார் என்று நிரப்பிவிடுகிறோம். பெயின்ட்டில் வரைந்ததை மாற்றவும் முடியாது. ஐந்து வருஷம் அதே யானையைப் பார்க்கிற பிள்ளை அதைப் பார்ப்பதையே விட்டுவிடும்.

குப்பத்துக்காரன் | குப்பம்

டீச்சர், சுவர் ஓவியத்திலும் யோசித்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். டெல்லியில் கபீர் வாஜ்பேயி என்ற கட்டடக் கலைஞர், 'கட்டடமே கற்றல் கருவி' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி பாலா என்று சொல்வார்கள். கதவு திறக்கிற தரையில் பாகைமானி வரைந்துவிடுவது. கதவை முப்பது, அறுபது, தொண்ணூறு என்று பிள்ளை தள்ளிப் பார்க்கும். ஜன்னல் கம்பியை எழுத்துப் பயிற்சிக்கான வளைவுகளாக வளைப்பது. சும்மா பார்க்கிற படம் இல்லை, கையால் பண்ணிப் பார்க்கிற பொருள்.

கணக்கு டீச்சர் | வேலந்தாவளம்

அந்தக் கதவு பாகைமானி வேண்டும் என்று நானே ஹெட்மாஷிடம் கேட்கப்போகிறேன்.

எஸ்டேட் பையன் | மூணாறு

ஒரு சந்தேகம். ஜப்பானில் ஃபூஜி மழலையர் பள்ளி என்று வீடியோ பார்த்தேன். 2007இல் டோக்கியோ பக்கம் தச்சிகாவாவில் கட்டியது, தகாஹாரு தெசூகா, யூயி தெசூகா என்ற கணவன் மனைவி. முட்டை வடிவக் கூரை, பிள்ளைகள் அதன்மேல் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள், பெரிய மரங்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கின்றன. வகுப்புகளுக்கு நடுவே சுவரே கிடையாது. சத்தம் பிள்ளைகளுக்கு நல்லது, முழு அமைதியில்தான் அவர்கள் பதற்றப்படுகிறார்கள் என்று தகாஹாரு சொல்கிறார். அப்படியென்றால் நடுச்சுவரே இல்லாமல் ஒரே ஹாலாகக் கட்டினால் காசும் மிச்சம்தானே?

பனங்காட்டான் | கொழிஞ்சாம்பாறை

தம்பி, இதற்கு நானே பதில் சொல்கிறேன், என் மகன் இப்போது படிப்பது அந்த மாதிரி ஹாலில்தான். நீள ஹால், நடுவில் மரத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் தமிழ் மூன்றாம் வகுப்பு, அந்தப் பக்கம் மலையாள இரண்டாம் வகுப்பு. தட்டி ஆள் உயரம், மேலே திறந்துதான் இருக்கிறது. அந்தப் பக்கம் பாட்டுப் பாடினால் இந்தப் பக்கம் வாய்ப்பாடு நின்றுவிடும். டீச்சர்கள் இரண்டு பேரும் நல்லவர்கள், ஒருவருக்கொருவர் அனுசரித்து மாறி மாறிப் பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் அவனுக்கு டீச்சர் சொன்ன வாக்கியம் பாதிதான் நினைவிருக்கிறது. கவனம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முன் வரிசைக்கு மாற்றிய பிறகு முழுசாகச் சொல்கிறான். அவனுக்குக் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

ஓவர்சியர் மகள் | சித்தூர், பாலக்காடு

அண்ணன் சொன்னதுதான் விஷயம். தெசூகா கட்டியது மழலையர் பள்ளி, விளையாட்டுதான் படிப்பு, சுற்றிலும் திறந்தவெளி, சத்தம் வெளியே போய்விடும். அமெரிக்காவில் 1960, 70களில் சுவர் இல்லாத பள்ளிகள் நிறையக் கட்டினார்கள். பிறகு சத்தம் தாங்காமல் பல இடங்களில் தடுப்பு வைத்துச் சுவர் எழுப்பினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் மாதிரி, விட்டுப்போன சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்ள வராது. வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் இன்னொரு மொழி என்று கேட்கிற பிள்ளைக்கு அது இன்னும் கஷ்டம். எல்லைப் பகுதியில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அந்த நிலைமையில்தான் இருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் மலையாளம் படிக்கிறார்கள், மலையாளப் பிள்ளைகள் மைதானத்தில் தமிழ் பேசுகிறார்கள், இரண்டு பேரும் இங்கிலீஷ் படிக்கிறார்கள்.

அமெரிக்கத் தரக்குறிப்பில், ஆள் இல்லாத சாதாரண வகுப்பறையில் எதிரொலி 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்று இருக்கிறது. நம் கமிட்டி ஆசைப்படுகிற வெள்ளை டைல்ஸ், பூசிய சுவர், கான்கிரீட் தளம் மூன்றும் சேர்ந்தால் சத்தம் எங்கேயும் உறிஞ்சப்படாமல் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். காலி அறையில் ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், தெரியும். ஜாலி, பூசாத செங்கல், ஓட்டு மச்சு, துணிப் பலகை இதெல்லாம் சத்தத்தைக் கொஞ்சம் உடைக்கும். நடுச்சுவர் மட்டும் மச்சு வரைக்கும் கட்டாயம் போக வேண்டும், அதில் ஜாலி வைக்கக் கூடாது. மேஸ்திரி அண்ணா, இந்த ஒரு சுவரில் கை வைக்காதீர்கள்.

பேக்கர் மேஸ்திரி | கொல்லங்கோடு

சரி சகோதரி, நடுச்சுவர் முழுச்சுவர். எலிப்பொறிக் கட்டே போடலாம், ஆனால் மச்சோடு ஒட்டுகிற இடத்தில் இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். அந்தச் சின்னச் சந்தில்தான் சத்தம் தாண்டும்.

அகளி அம்மிணி | அட்டப்பாடி

எல்லாரும் அறைக்குள்ளேயே நிற்கிறீர்கள். நான் வராந்தாவைப் பற்றிச் சொல்கிறேன். நெதர்லாந்தில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் என்ற ஒரு கட்டடக் கலைஞர், டெல்ஃப்ட் நகரத்து மான்டிசோரிப் பள்ளியை 1960களில் கட்டினார். நடுக்கூடத்தில் சும்மா ஒரு செங்கல் மேடை, அசைக்க முடியாதது. இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்தார்கள், அதைச் சுற்றிக் கூடினார்கள், நாடகம் போட்டார்கள், பலகை சேர்த்துப் பெரிய மேடையாக்கினார்கள். மழலையர் கூடத்தில் அதற்கு எதிர்மாறாக ஒரு சதுரப் பள்ளம், அது நிறைய மரக்கட்டைகள். கட்டைகளை வெளியே எடுத்தால் ஆளுக்கொரு முக்காலி, பள்ளம் உட்காருகிற குழி. வகுப்பறையை 'எல்' எழுத்து வடிவில் வளைத்தார், ஒரு கையில் கை வேலை, இன்னொரு கையில் அமைதியான படிப்பு, டீச்சர் மூலையில் நின்றால் இரண்டும் தெரியும்.

நமக்கு இது திண்ணை. எங்கள் அகளியில் சாரங் என்ற பள்ளியை கோபாலகிருஷ்ணனும் விஜயலட்சுமியும் 1980களில் தொடங்கினார்கள். அரசு வேலையை விட்டுவிட்டு வந்த ஆசிரியர்கள். அங்கே மலையும் மரமும்தான் வகுப்பறை. எல்லாராலும் அப்படிச் செய்ய முடியாது, தெரியும். ஆனால் இரண்டு அறைக்கு முன்னால் எட்டு அடி அகலத் தாழ்வாரமும், பிள்ளைகள் கால் தொங்கப் போட்டு உட்காருகிற திண்ணையும் கட்டலாம். எஸ்டிமேட்டில் தாழ்வாரம் நடந்து போகிற வழி மட்டும்தான், நாலு அல்லது ஐந்து அடி போடுவார்கள். எட்டு அடி இருந்தால் அது மூன்றாவது வகுப்பறை. திண்ணை ஒரே உயரத்தில் வேண்டாம், ஒண்ணாங்கிளாஸுக்கு ஒரு உயரம், நாலாங்கிளாஸுக்கு ஒரு உயரம். வாசிக்கத் தெரிந்தவள் தெரியாதவளுக்குக் கதை படித்துக் காட்ட வகுப்பறைக்குள் இடமே கிடைப்பதில்லை. அந்த இடம் திண்ணைதான்.

வாளையாறு வாசி | கஞ்சிக்கோடு

தாழ்வாரம் அகலமானால் சுவரில் மழைச் சாரலும் படாது, வெயிலும் படாது. முதலில் சகோதரி சொன்ன ஆப்பிரிக்கக் கூரைக்கும் இதற்கும் கணக்கு ஒத்துப்போகிறது.

பனங்காட்டான் | கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான் எழுதி வைத்துக்கொண்டதை இங்கே போடுகிறேன், விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள். கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப், அதற்கு மேல் இடைவெளி விட்டு ஷீட், அடியில் மச்சு இல்லாத வெறும் ஷீட் கூடாது. நடுச்சுவர் மச்சு வரைக்கும். குறுக்குச் சுவர்களில் உயரத்தில் ஜாலி. அறைக்கு இரண்டு கதவு, வெளியே திறப்பது. எட்டு அடித் தாழ்வாரம், இரண்டு உயரத்தில் திண்ணை. மூன்று சுவரிலும் இடுப்பளவுக் கரும்பலகை. ஒரு மூலையில் சின்னப் பொந்து மாதிரி உட்காருமிடம். லேசான மேசை. உள்சுவரில் ஓவியம் வேண்டாம், கம்பிப் பந்தல் வேண்டும். டைல்ஸை விட்டுவிட்டு ரெட் ஆக்சைடு தரை கேட்கப்போகிறேன். டி.வி.க்கு பிளக் பாயின்ட் மட்டும், அது பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு பயம். ஏ.இ. (அசிஸ்டன்ட் இன்ஜினியர்) 'இந்த ஐட்டத்துக்கெல்லாம் ரேட் கிடையாது' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டால் என்ன செய்வது?

ஓவர்சியர் மகள் | சித்தூர், பாலக்காடு

அண்ணா, அதற்கு வழி இருக்கிறது. அரசு வேலையை டெண்டர் போட்டுக் கான்டிராக்டரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிகளிடமும் பஞ்சாயத்து கொடுக்கலாம். நிர்மிதி கேந்திரம் அதில் ஒன்று. 1985இல் பேக்கர், முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் முதலியவர்கள் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு இன்னொன்று. ஃபில்லர் ஸ்லாபும் எலிப்பொறிக் கட்டும் அவர்களுக்கு அன்றாட வேலை, எஸ்டிமேட் போடத் தெரியும், ஏற்கெனவே கட்டிய கட்டடத்தைக் காட்டவும் முடியும். கூட்டத்தில் தீர்மானம் எழுதும்போது 'அங்கீகார ஏஜென்சி மூலம் செய்யலாம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அது தீர்மானத்தில் இல்லாவிட்டால் பிறகு சேர்ப்பது கஷ்டம். வார்டு மெம்பரிடம் கூட்டத்துக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

கணக்கு டீச்சர் | வேலந்தாவளம்

அண்ணா, பொந்துக்கு இடம் எங்கே என்று இப்போதே முடிவு பண்ணாதீர்கள். பிளான் வந்ததும் சுண்ணாம்புப் பொடியால் மைதானத்தில் இரண்டு அறையையும் முழு அளவில் கோடு போடுங்கள். நாலாங்கிளாஸ் பிள்ளைகளை உள்ளே விட்டு, கதவு எங்கே, மூலை எங்கே என்று அவர்களையே நிற்கச் சொல்லுங்கள். காலையிலும் மத்தியானமும் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் அப்போதே தெரிந்துவிடும். சனிக்கிழமை என்றால் நான் வருகிறேன், டேப் கொண்டுவருகிறேன்.

பேக்கர் மேஸ்திரி | கொல்லங்கோடு

சனிக்கிழமை எனக்கும் வேலை இல்லை. கொழிஞ்சாம்பாறை வரை பஸ்ஸில் வந்துவிடுவேன், அங்கிருந்து யாராவது கூட்டிப்போங்கள். பழைய ஓடு எங்கே கிடைக்கும் என்ற விவரமும் எழுதிக்கொண்டு வருகிறேன்.